உட்கார வைத்தே தோளும் கழுத்தும் பிடித்துவிடுவது எப்படி: சீனத்துத் துய்நா, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு

மூன்று கிலோ அரிசி, ஒரு பழைய தலையணை உறை, ஊசி, நூல். துய்நா பழக முதலில் வேண்டியது இவ்வளவுதான், அடுத்தவர் தோளில் கை வைப்பதெல்லாம் அப்புறம். உறையைப் பாதியாக மடித்துத் தைத்து, அரிசியை நிரப்பி, அமுக்கினால் கொஞ்சம் அமுங்குகிற, ஆனால் தொளதொளவென்று இல்லாத இறுக்கத்தில் வாயைத் தைத்துவிடுங்கள். சீனாவில் இதைப் படிக்கிற மாணவர்கள் மனித உடம்பைத் தொடும் முன் இப்படி அரிசிப் பையிலோ மணல் பையிலோதான் நாள்கணக்கில் பழகுகிறார்கள். எனக்குச் சிங்கப்பூரில் சொல்லிக்கொடுத்த சின்சே (சீன வைத்தியரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆறு வாரம் அந்தப் பையைத் தவிர வேறு எதையும் தொடவிடவில்லை. அப்போது எனக்குப் பொறுமை போய்விட்டது. இப்போது யாராவது என்னிடம் கேட்டால் நானும் அதையேதான் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் கையில் பலம் இருந்தால் போதும் என்று நினைத்து நேராக ஆளைப் பிடிக்கப் போனவர்கள் இரண்டு விதமாகத்தான் முடிகிறார்கள்: உட்கார்ந்திருப்பவருக்கு வலியைக் கூட்டுகிறார்கள், இல்லாவிட்டால் தங்கள் கட்டைவிரலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இது என்ன, எங்கிருந்து வந்தது

'துய்' என்றால் தள்ளுவது, 'நா' என்றால் பிடிப்பது. இதன் பழைய பெயர் 'அன்மோ', அழுத்தித் தடவுவது என்று பொருள். மஞ்சள் பேரரசர் பெயரில் வழங்குகிற பழைய சீன மருத்துவ நூலிலேயே அன்மோ வந்துவிடுகிறது. தாங் வம்ச காலத்தில் அரண்மனை மருத்துவப் பள்ளியில் அதற்கென்று தனிப் பிரிவு இருந்தது. துய்நா என்ற பெயர் மிங் காலத்தில், அதுவும் குழந்தை வைத்திய நூல்கள் வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. அதே அன்மோ ஜப்பானில் 'அன்மா' ஆயிற்று, அந்த வழியில் வந்த டேவிட் பால்மர் என்ற அமெரிக்கர் 1986-இல் முகத்தைப் பதித்துக்கொண்டு உட்காருகிற மசாஜ் நாற்காலியை வடிவமைத்தார். விமான நிலையங்களில் பார்க்கிறோமே, அதுதான்.

நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் என்று போகிற ஒன்பது வகை. துய்நாவின் கைவேலைகளைப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்தச் சொற்களிலேயே சொல்லிவிடலாம், அதனால் நானும் முடிந்தவரை தமிழ்ச் சொற்களையே வைத்துக்கொள்கிறேன். பெரிய வித்தியாசம் எண்ணெய்தான். உட்கார வைத்துச் செய்கிற துய்நா பெரும்பாலும் உடுத்த உடுப்பின் மேலே, ஒரு பருத்தித் துணியை விரித்து, உலர்ந்த கையால் செய்வது. வீட்டில் கோடாலித் தைலம் இருந்தால் எல்லாம் முடிந்தபிறகு வேண்டுமானால் தடவுங்கள். முதலிலேயே தடவினால் கை வழுக்கும், பிடி நிற்காது.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். இது இறுகிப்போன தசைக்கு இதம் தரும், கழுத்து திரும்புவது கொஞ்சம் இலகுவாகும், நல்ல தூக்கம் வரும். தேய்ந்துபோன எலும்பை இது வளர்க்காது, முள்ளெலும்புகளுக்கு நடுவே பிதுங்கிய தட்டை (டிஸ்க்) உள்ளே தள்ளாது. அப்படிச் சொல்லிக் காசு வாங்குகிறவர்களிடம் போகாதீர்கள், நீங்களும் யாருக்கும் அப்படிச் சொல்லாதீர்கள்.

யாருக்குச் செய்யக் கூடாது

கை வைக்கும் முன் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. காய்ச்சல் இருக்கிறதா? சமீபத்தில் விழுந்தாரா, அடிபட்டாரா, அறுவை சிகிச்சை நடந்ததா? இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா? எலும்பு மெலிந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா? புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உங்கள் வேலை அங்கேயே நிற்கட்டும், டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். தோலில் புண், சிவந்து சூடாக வீங்கிய இடம், இவற்றின் மேலும் கை போகக் கூடாது.

கர்ப்பிணிகளுக்கு நீங்கள் செய்யாதீர்கள். சீன மருத்துவ மரபிலேயே தோள் உச்சியில் இருக்கிற ஜியன்ஜிங், கையில் இருக்கிற ஹெகு, இந்த இரண்டு புள்ளிகளையும் கர்ப்ப காலத்தில் அழுத்தக் கூடாது என்று விலக்கி வைத்திருக்கிறார்கள். நம் முறையில் இந்த இரண்டும் வருகின்றன.

அப்புறம் இது முக்கியம். கை மரத்துப்போகிறது, பிடித்த பொருள் நழுவி விழுகிறது, நடை தடுமாறுகிறது என்றால் அது தசைப் பிடிப்பு இல்லை, நரம்பு விவகாரம். தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. திடீரென்று வந்த கடும் தலைவலியும் கழுத்து விறைப்பும் அப்படியே. "சும்மா பிடிப்புதான், கொஞ்சம் அமுக்கிவிடு" என்று அவரே சொன்னாலும் செய்யாதீர்கள்.

உட்கார வைப்பது

முதுகு சாயாத ஸ்டூல் இருந்தால் நல்லது. இல்லையா, சாப்பாட்டு மேசை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சாய்மானத்தை நெஞ்சுப் பக்கம் வைத்து உட்காரச் சொல்லி, நடுவில் ஒரு தலையணை கொடுங்கள். பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், கை தொடையிலோ தலையணையிலோ கிடக்க வேண்டும். தொங்குகிற கை தோளை இழுத்துக்கொண்டே இருக்கும், அந்தத் தோளை நீங்கள் எவ்வளவு பிசைந்தாலும் இளகாது. உயரம் சரியா என்று பார்க்க ஒரு வழி: பின்னால் நின்று உங்கள் முழங்கையை மடக்குங்கள், அவருடைய தோள் உங்கள் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் சரி. அதற்கு மேலே இருந்தால் உங்கள் தோள் ஏறிக்கொள்ளும், பத்து நிமிடத்தில் உங்களுக்கே பிடித்துவிட இன்னொருவர் தேவைப்படும்.

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும், ஆனால் வெறும் வயிறும் வேண்டாம். பசியோடு உட்கார்ந்திருப்பவருக்குக் கழுத்தை அழுத்தினால் தலை சுற்றலாம். படுத்திருப்பவருக்குத் தலை சுற்றினால் பெரிய ஆபத்தில்லை, உட்கார்ந்திருப்பவர் கீழே விழுவார். அதனால் செய்து முடிக்கும்வரை இரண்டு கையையும் ஒரே நேரத்தில் அவர் உடம்பிலிருந்து எடுக்காதீர்கள், ஒரு கை எப்போதும் பட்டுக்கொண்டிருக்கட்டும். முகம் வெளுத்தாலோ, வியர்த்தாலோ, பேச்சு நின்றாலோ உடனே நிறுத்தி, மெல்லப் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்துங்கள்.

உங்கள் பக்கம்: நகத்தை ஒட்ட வெட்டுங்கள், மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாம் கழற்றுங்கள், கையை வெந்நீரில் கழுவிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. அழுத்தம் தேவைப்படும்போது கையால் தள்ளாமல் முன்காலில் சாய வேண்டும், எடை தானாக இறங்கும்.

உருட்டல்: இதில்தான் நாள் செலவாகும்

துய்நாவை மற்ற மசாஜ்களிலிருந்து பிரித்துக் காட்டுகிற கைவேலை இதுதான். சீனத்தில் குன்ஃபா. நூல் பிடித்துப் போனால் இது ரொம்பப் பழையதும் இல்லை. ஷாங்காயில் 1940-களில் டிங் ஜிஃபெங் என்ற வைத்தியர் வடிவமைத்தது. அவர் குடும்பத்தின் பரம்பரை வித்தை ஒற்றைக் கட்டைவிரல் நுனியை ஊன்றி ஆட்டித் தள்ளுகிற முறை. விரல் நுனி படுகிற இடம் சிறியது, பெரிய தசைக்கு அது போதவில்லை என்று, புறங்கையை உருட்டுகிற முறையை அவர் கொண்டுவந்தார். 1950-களில் ஷாங்காயில் துய்நாவுக்கு முறையான பயிற்சிப் பள்ளி தொடங்கியதும் இது சீனா முழுக்கப் பரவிவிட்டது.

அரிசிப் பையை மேசையில் வையுங்கள். வலது கையைத் தளர்வாக, ஒரு சின்ன மாம்பழத்தைப் பிடித்திருப்பது மாதிரி லேசாக மடக்கிக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் கையோடு சேருகிற முட்டி இருக்கிறதல்லவா, அதைப் பையில் ஊன்றுங்கள். அதுதான் அச்சு, அது இடம் மாறக் கூடாது. இப்போது முன்கையைத் திருப்பியபடி மணிக்கட்டை மடக்குங்கள். புறங்கை சுண்டுவிரல் பக்கத்திலிருந்து நடுவிரல் முட்டிவரை பையின் மேல் உருண்டு போகும். மணிக்கட்டை நிமிர்த்தித் திரும்ப உருட்டிக்கொண்டு வாருங்கள். போகும்போது அழுத்தம் அதிகம், வரும்போது குறைவு, மூன்றுக்கு ஒன்று என்று கணக்கு சொல்வார்கள். தோள் தாழ்ந்து, முழங்கை உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, செங்கோணத்தைவிட விரிந்து இருக்கட்டும்.

வேகம் நிமிடத்துக்கு 120 முதல் 160 தடவை. கேட்டால் பயமாக இருக்கும், தொடக்கத்தில் அதில் பாதி போதும். சீராக வந்தபிறகு வேகம் தானே வரும்.

பெரும்பாலோர் செய்கிற தப்பு மூன்று. ஒன்று, உருட்டுவதாக நினைத்துத் தேய்ப்பது. சின்சே என் பையின் மேல் ஒரு பக்கச் செய்தித்தாளை விரித்து அதன் மேல் உருட்டச் சொல்வார். முதல் வாரம் இரண்டே நிமிடத்தில் தாள் கசங்கி, கைக்குக் கீழே சுருண்டு, கடைசியில் கிழிந்துவிடும். கை வழுக்குகிறது என்று அதற்கு அர்த்தம், மனிதத் தோளாக இருந்தால் தோல் எரியும். நான்காவது வாரத்தில் ஒருநாள் தாள் அசையவே இல்லை, அதன் மேல் புறங்கை போய்வந்த இடம் மட்டும் லேசாகப் பள்ளமாகியிருந்தது. அவர் தாளை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த கைக்குப் போகச் சொன்னார். அடுத்த தப்பு, முட்டியால் இடிப்பது. ஒவ்வொரு உருளலிலும் 'டொக்' என்று எலும்பு விழுந்தால் மணிக்கட்டு விறைத்திருக்கிறது. மூன்றாவது, விரல்களை இறுக்கி முஷ்டியாக்குவது, அப்படிச் செய்தால் புறங்கையின் வளைவு போய்விடும்.

தினமும் ஒரு கைக்குப் பத்து நிமிடம் பழகுங்கள், இடது கையையும் விடாதீர்கள். சீன ஆசிரியர்கள் நல்ல கைக்கு ஐந்து குணம் சொல்வார்கள்: நீடிப்பு, வலு, சீர், மென்மை, ஆழம். கடைசியில் இருக்கிற ஆழம் மற்ற நான்கும் வந்தால் தானாக வருவது, அதைத் தனியாகத் தேடிப்போய் அழுத்தினால் கிடைக்காது.

ஆளின் மேல்: வரிசை

மொத்தம் இருபது நிமிடம் போதும். இளக்குவது முதலில், அழுத்துவது நடுவில், அசைப்பது பிறகு. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

முதலில் துணியை விரித்து இரண்டு உள்ளங்கையையும் தோள்களின் மேல் வைத்து, அவர் மூன்று தடவை மூச்சு விடும்வரை சும்மா இருங்கள். எந்தத் தோள் ஏறியிருக்கிறது, எது கல் மாதிரி இருக்கிறது என்று கையே சொல்லும். பேருந்து ஓட்டுகிற ஒருவர் என்னிடம் வருவார், வலது தோள் எப்போதும் இடதைவிட ஒரு விரல் கிடை மேலே நிற்கும். அவர் வாய் திறந்து சொல்வதற்கு முன்பே எங்கே நேரம் செலவழிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பிறகு கழுத்தடியிலிருந்து முழங்கை வரை உள்ளங்கையால் நாலைந்து முறை தடவி இறக்குங்கள்.

அடுத்து தோள் உச்சியில் உருட்டல், ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே இருக்கிற சதையின் மேல்தான், எலும்பின் மேல் இல்லை. வலது தோளை உருட்டும்போது உங்கள் இடது கை அவருடைய இடது தோளைத் தாங்கியிருக்கட்டும். மெதுவாக நகருங்கள், விரல் அகலம் விரல் அகலமாக. பிறகு தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையில் இருக்கிற வாய்க்காலில் இறங்கி வரலாம்.

பிடித்தல், அதாவது நா. இதற்குப் பக்கவாட்டில் வந்து நில்லுங்கள். ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, "தலையை என் கையில் விட்டுவிடுங்கள்" என்று சொல்லுங்கள். மனிதத் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ, அந்த எடையைப் பிடரித் தசை சுமந்துகொண்டிருக்கும்வரை அது இளகாது. பலர் விட்டுவிட்டதாகச் சொல்வார்கள், விட்டிருக்க மாட்டார்கள், கையில் கனம் இறங்கினால்தான் உண்மை. இறங்கியதும் மற்றக் கையின் கட்டைவிரல் ஒரு பக்கம், நான்கு விரல் மறுபக்கமாகப் பிடரியைக் கவ்வி, கொஞ்சம் மேலே தூக்கி, விட்டு, ஒரு விரல் கீழே இறங்கி, மறுபடி தூக்கி விடுங்கள். மயிர்க்கால் முடிகிற இடத்திலிருந்து தோள்வரை மூன்று தடவை. பூனை தன் குட்டியைக் கவ்வித் தூக்குகிற மாதிரி: கழுத்து முழுசும் பிடிபடும், பல் பதியாது. விரல் நுனி குத்தக் கூடாது, விரல் வயிறு படட்டும். கழுத்தின் முன்பக்கம், தாடைக்குக் கீழே நாடி துடிக்கிற பக்கம் விரல் போகவே கூடாது, அங்கே மூளைக்கு இரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் இருக்கிறது.

பிறகு பிசைதல். கட்டைவிரல் வயிற்றை ஊன்றி, தோலோடு சேர்த்துச் சின்ன வட்டமாக, தோலின் மேல் வழுக்காமல். பின்மண்டையிலிருந்து முதுகெலும்பின் இரண்டு பக்கத்துச் சதையில் இரண்டு கோடு, இரண்டு முறை இறங்குங்கள். முள்ளெலும்பின் மேலேயே அழுத்த வேண்டாம்.

புள்ளிகள்

அளவைக்குச் சீனர்கள் 'சுன்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்திருப்பவருடைய கட்டைவிரல் அகலம் ஒரு சுன், நான்கு விரலைச் சேர்த்தால் மூன்று சுன். உங்கள் விரல் இல்லை, அவர் விரல். ஆளுக்கு ஆள் உடம்பு மாறும்போது அளவும் மாற வேண்டும் என்பதால் அப்படி.

ஃபெங்ச்சி, காற்றுக் குளம் என்று பொருள். பின்மண்டை எலும்பு முடிகிற விளிம்பில், நடுத்தசைக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒரு பள்ளம் அகப்படும். நெற்றியைத் தாங்கியபடி கட்டைவிரலும் நடுவிரலும் கொண்டு இரண்டையும் சேர்த்து, மூக்கு நுனியைப் பார்த்து அழுத்துங்கள். ஜியன்ஜிங், தோள் கிணறு. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் பெரிதாகப் புடைக்கிற முள்ளெலும்பு ஒன்று தெரியும், அதற்கும் தோள் முனைக்கும் சரிபாதியில், சதையின் உச்சியில் இருக்கிறது. தியன்ஸோங் தோள்பட்டை எலும்பின் நடுப் பள்ளத்தில் இருப்பது. நாள் முழுக்கக் கணினியில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இதைத் தொட்டாலே கை வழியே ஓடும், அதனால் மற்றதைவிடப் பாதி அழுத்தத்தில் தொடங்குங்கள்.

அழுத்துகிற முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: மெல்ல இறங்கு, நில், மெல்ல ஏறு. ஐந்து மூச்சு எண்ணும் நேரம். கட்டைவிரலை நேராக வைத்து, ஆள்காட்டி விரலை மடக்கி அதன் பக்கத்தைக் கட்டைவிரலுக்கு முட்டுக் கொடுங்கள். வளைந்த கட்டைவிரலால் ஆறு மாதம் அழுத்தினால் மூட்டு போய்விடும், நான் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு அழுத்துவது என்பதற்கு அவர் சொல்கிற வார்த்தையே அளவுகோல். சீனர்கள் எதிர்பார்க்கிற உணர்வு சுவான், மா, ஜாங் என்று மூன்று. தமிழில் இதற்குச் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. உளைகிறது, கனக்கிறது, விம்முகிறது, சுகமாக வலிக்கிறது என்றால் சரியான இடம், சரியான அழுத்தம். சுளீர் என்கிறது, குத்துகிறது, எரிகிறது, தெறிக்கிறது என்றால் உடனே விடுங்கள். ஒன்றும் சொல்லாமல் தாங்கிக்கொள்கிறவர்கள் உண்டு, நம் வீட்டுப் பெரியவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். அவர்களின் மூச்சைக் கவனியுங்கள். மூச்சு நின்றாலோ கால் விரல் மடங்கினாலோ நீங்கள் அதிகமாகப் போய்விட்டீர்கள். என் மாமனாருக்கு முதல்முறை பிடித்துவிட்டபோது "நல்லா இருக்கும்மா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், மறுநாள் பார்த்தால் தோளில் நீலம் பாரித்திருந்தது. அதிலிருந்து நான் வாயை நம்புவதில்லை, மூச்சைத்தான் பார்க்கிறேன்.

கை

பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் கையை உங்கள் தொடைமேல் வாங்கிக்கொள்ளுங்கள். தோளிலிருந்து மணிக்கட்டுவரை பிடித்துக்கொண்டே இறங்குங்கள். முழங்கையை மடக்கினால் விழுகிற மடிப்பின் வெளி முனையில் ச்சூச்சி இருக்கிறது, அங்கிருந்து மணிக்கட்டைப் பார்த்து இரண்டு சுன் இறங்கினால் ஷோசான்லி. பிந்தியதைக் கணினிச் சுட்டி (மவுஸ்) பிடித்துப் பழகிய கையில் அழுத்திப் பாருங்கள், பலர் அங்கே வலி இருப்பதே தெரியாமல் இருந்திருப்பார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை புடைக்கிற இடம் ஹெகு, ஆள்காட்டி விரல் எலும்பைப் பார்த்து அழுத்த வேண்டும்.

பிறகு எழுந்து நின்று தோளைச் சுழற்றுங்கள். ஒரு கை தோள் மூட்டின் மேல், மற்றது முழங்கையைத் தாங்கி, சின்ன வட்டத்தில் தொடங்கி அவருக்கு வலிக்காத எல்லைவரை மட்டும் பெரிதாக்கி, முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து. தோள் உறைந்து போனவர்களுக்கு அந்த எல்லை ரொம்பச் சின்னதாக இருக்கும், அதைத் தாண்ட முயற்சி பண்ணாதீர்கள்.

அடுத்தது கடைதல். தயிர் கடைகிற மத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டுவோமே, அதே மாதிரி அவர் மேற்கையை உங்கள் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து வேகமாகக் கடைந்தபடி மெதுவாகக் கீழே இறங்குங்கள். கடைவது வேகம், இறங்குவது மெதுவு. கடைசியாக உதறல்: இரண்டு கையாலும் மணிக்கட்டைப் பிடித்து, கையைப் பக்கவாட்டில் கொஞ்சம் தூக்கி, லேசாக இழுத்துப் பிடித்து, சின்னச் சின்னதாக, மிக வேகமாக உதறுங்கள். அலை மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஓட வேண்டும். ஈரத்துணியை உதறுகிற பலம் தேவையில்லை. கையில் அலை ஓடாமல் கட்டையாக நின்றால் அவர் இன்னும் கையை உங்களிடம் விடவில்லை, பேச்சுக் கொடுத்து மறுபடி செய்யுங்கள்.

தலை, தட்டல், முடிவு

தலைக்கு ஐந்து விரலையும் விரித்து முன்னிருந்து பின்னாக அழுத்திக்கொண்டு போங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, நெற்றியின் பக்கவாட்டுப் பொட்டில் தாய்யாங், லேசாகப் பிசைந்தால் போதும், அங்கே எலும்பு மெலிது. இரண்டு காது நுனியையும் உச்சி வழியாக ஒரு கோட்டால் இணைத்தால் நடுவில் பாய்ஹுய், நூறும் கூடுமிடம். தட்டலுக்கு உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு தோளிலும் மேல்முதுகிலும் தட்டுங்கள், 'பொத்' என்று காற்றடைத்த சத்தம் வர வேண்டும். 'பளார்' என்று வந்தால் கை தட்டையாகிவிட்டது. முதுகெலும்பின் மேலும், விலாவுக்குக் கீழே சிறுநீரகம் இருக்கிற இடத்திலும் தட்டாதீர்கள். ஒரு நிமிடம் போதும். இரண்டு தோள் உச்சியையும் ஒரே நேரத்தில் ஐந்தாறு தடவை பிடித்துத் தூக்கி விடுவதோடு முறை முடிகிறது.

சொடக்கு எடுக்காதீர்கள்

துய்நாவில் 'பான்ஃபா' என்று மூட்டைத் திடீரென்று திருப்புகிற வகை உண்டு. அது இந்தக் கட்டுரையில் இல்லை, வீடியோ பார்த்தும் செய்யாதீர்கள். ஊரில் சலூனில் முடி வெட்டி முடித்ததும் தாடையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பி 'டக்' என்று சொடக்கெடுப்பார்கள், பலருக்கு அது பிடித்தும் இருக்கிறது, கேட்டு வாங்குகிறார்கள். கழுத்தெலும்புக்குள்ளே இரண்டு பக்கமும் மூளைக்குப் போகிற இரத்தக் குழாய் ஓடுகிறது. திடீர்த் திருப்பலில் அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிதாக நடக்கிறது, ஆனால் நடக்கிறது. பல வருடம் படித்து, முதலில் சோதித்துப் பார்த்து, யாருக்குச் செய்யக் கூடாது என்று தெரிந்தவர்கள் மட்டும் தொட வேண்டிய விஷயம் அது. "ஒரே ஒரு சொடக்கு" என்று உங்களிடம் கெஞ்சுவார்கள். கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக நெற்றியைத் தாங்கி இன்னொரு முறை பிடரியைப் பிடித்துவிடுங்கள்.

முடிந்ததும் உடனே எழச் சொல்ல வேண்டாம். கையைத் தோளில் வைத்தபடி ஒரு நிமிடம் அப்படியே உட்காரட்டும், வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள். மெதுவாக இடமும் வலமும் தலையைத் திருப்பச் சொல்லி, தொடங்கும் முன் எவ்வளவு திரும்பியது, இப்போது எவ்வளவு என்று இருவரும் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். மறுநாள் உடற்பயிற்சி செய்த மாதிரி லேசான உளைச்சல் இருக்கலாம், இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ நீலம் பாரித்தாலோ நீங்கள் அழுத்தியது அதிகம். அதனால் மறுநாள் காலையில் ஒரு போன் போட்டுக் கேளுங்கள், ராத்திரி எப்படித் தூங்கினார், எந்த இடம் உளைகிறது என்று. அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள், அடுத்த முறை அவர் தோளில் கை வைக்கும் முன் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.